தையலுக்குள் விட்ட துணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் ஊற்றி வைப்பது அவள் வேலை. ஐந்து லிட்டர் கேனைக் கைக்குழந்தைபோல இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அகலமான கண்ணாடிப் புட்டியில் புனலை வைத்து நிதானமாக ஊற்றுவாள். தேய்ந்துபோன இஞ்ச் டேப் ஒன்றை வெட்டிப் புட்டியின் வெளியே நெட்டுக்குத்தாக ஒட்டியிருந்தாள். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீஸ்பூன். அது அந்தப் புட்டியில் கால் இஞ்ச். ஏழு நாளைக்கு ஒன்றே முக்கால். அந்தக் கோட்டுக்கு வந்ததும் கேனை நிமிர்த்தி, அதன் வாயைத் துணியால் துடைத்து மூடிவிடுவாள். அடுத்த ஞாயிறு வரை கேனைத் தொடக் கூடாது.

"எண்ணெய்க்கே அளவெடுத்த டெய்லர் உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்பார் கணவர், சமையலறை வாசலில் டீயோடு நின்றபடி. "அப்படியே அதுக்கு ஒரு சட்டையும் தைச்சுப் போட்டுடு. பாவம், குளிரும்."

"இருக்கறவங்களுக்குத் தைக்கவே நேரம் பத்தல. நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

அவர் நகர்ந்தால்தான் வெளிச்சம் வரும். பத்து வருடத்துக்கு முன்னால் அதே வாசலில் நின்றபோது அவருக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தது. அது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஒரு ஆளை வாசலில் பார்த்தாலே இடுப்பு எத்தனை இஞ்ச் என்று சொல்லிவிடக் கூடியவள் அவள். ஆனால் சொல்ல மாட்டாள்.

தெருவில் அவளை 'அரை இஞ்ச் அக்கா' என்றுதான் சொல்வார்கள். புதுத்துணி தைப்பதில்லை. வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, சமையலறைப் பக்கம் ஒரு திரை. இறுகிப்போன துணியைப் பிரித்து விடுவதும், தொளதொளத்ததைப் பிடிப்பதும்தான் தொழில். பிடிக்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். பிரிக்க வருகிறவர்கள் துணியைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று, மழையைப் பற்றிப் பேசுவார்கள். அவள் பையை வாங்கி, "அரை இஞ்ச்தாங்க. இப்ப வர்ற துணியெல்லாம் ஒரு துவைப்புக்கே சுருங்கிடுது," என்பாள். இரண்டரை இஞ்ச் பிரிக்க வேண்டியிருந்தாலும் அரை இஞ்ச்தான். பழி துணிமேல் போய்விடும், வந்தவர் நிமிர்ந்து நடந்து போவார். அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, துணியின் உள்பக்கம் குத்திவிடுவாள். அவள் வாயிலிருந்து உண்மையான எண் வந்து யாரும் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் அவளும் அவள் அக்காவும் ஒரு சீருடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கே சீருடை கொடுக்கிற நாளில் மேற்பார்வையாளர் டேப்பைச் சுற்றிப் பிடித்து, எழுதுகிறவனுக்குக் கேட்கும்படி அளவைக் கத்தினார். அக்காவின் அளவை இரண்டு தடவை கத்தினார். முதல் தடவை எழுதுகிறவனுக்காக, இரண்டாவது தடவை வேடிக்கைக்காக. கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வேலையை விடும்வரை அக்கா மதியச் சாப்பாட்டைப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். தங்கை தினமும் அதைப் பார்த்தாள்.

கணவருக்கும் அளக்கிற வேலைதான். ஊருக்கு வெளியே லாரி எடைமேடையில் இருந்தார். மணலும் இரும்பும் ஏற்றிய லாரிகள் மேடைமேல் ஏறி நிற்கும். இவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார். லாரி வராத நேரத்தில் என்றைக்காவது தானே இறங்கிப்போய் மேடை நடுவில் நிற்பார். உள்ளே இருக்கிற கூட்டாளி, "எண்பது!" என்று கத்துவான். பத்து வருடமாக எண்பதுதான். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். எழுபதிலிருந்து தொண்ணூறுவரை யார் ஏறினாலும் எண்பதுதான் காட்டும். அது அவருக்கே தெரியும். லாரிக்கு இருபது கிலோ ஒரு தூசு. மனுஷனுக்கு அது ஒரு மூட்டை. ஆனாலும் அரசாங்க முத்திரை வைத்த மேடை சொல்கிறதே! ஒரு மனிதன் கேட்க விரும்புவதை ஒரு யந்திரமும் சொன்னால் அவன் வேறு யாரிடம் போய்க் கேட்பான்?

அவருக்கு இன்னொரு சாட்சி, அந்தச் சாம்பல் நிறப் பேண்ட். "பத்து வருஷமா ஒரே பேண்ட்டு. ஒரு பித்தான் மாத்தினது இல்ல," என்று வருகிற டிரைவர்களிடமெல்லாம் காட்டுவார். பெல்ட் போட மாட்டார். "டெய்லரைக் கட்டினவனுக்கு பெல்ட் எதுக்குய்யா?" என்பார்.

பித்தான் மாற்றவில்லை என்பது உண்மைதான். பேண்ட்டின் பின்பக்கத் தையலுக்குள், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் துணி விட்டிருப்பார்கள். ஒரு நாள் அவர், "என்னமோ பிடிக்குது," என்றார். அவர் வேலைக்குப் போன பிறகு அவள் அந்தத் தையலைப் பிரித்து, கால் இஞ்ச் தள்ளிப் புதுத் தையல் போட்டு, இஸ்திரி வைத்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் சேர்த்து அரை இஞ்ச். மறுநாள் காலையில் பித்தான் சுலபமாக மாட்டியது. அவர் விசிலடித்துக்கொண்டே செருப்பைத் தேடினார். அவ்வளவுதான் நடந்தது. பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை. இப்போதெல்லாம் அவர் "பிடிக்குது" என்று சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனபோது, பின்பக்கம் சட்டை மறைக்கிற இடத்தில், அதே நிறத்தில் ஒரு ஒட்டுத்துணி வைத்தாள். சட்டைகளையும் வயிறு தெரியாதபடி தாராளமாக வெட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு இவளும் போனாள். நர்ஸ் எடை பார்த்து, "எண்பத்தெட்டு," என்றாள்.

"உங்க மெஷின் தப்பு, சிஸ்டர். எங்க மேடைக்கு வாங்க, நான் காட்டறேன்."

"நான் லாரி இல்ல சார், உங்க மேடைக்கு வர்றதுக்கு," என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் எழுதிவிட்டு, டேப்பை எடுத்தாள். பெஞ்சில் எடைமேடைக் கூட்டாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் கையை விரித்துத் தடுத்தார். "சிஸ்டர், டெய்லரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? அவளைக் கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவா."

நர்ஸ் பேனாவோடு திரும்பினாள். பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அவருடைய இடுப்பு அன்றைக்கு நாற்பது.

"முப்பத்தாறு," என்றாள் அவள்.

அதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் ஒரு ஆளைக் காப்பாற்றினோம் என்றுதான் நினைத்தாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் விரித்தாள். பிரஷர் அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இருநூற்று நாற்பது. நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, கெட்டது நூற்று அறுபத்தெட்டு.

"இதெல்லாம் தனித்தனி வியாதின்னு நினைக்காதீங்க. ஒண்ணு வந்தா மத்ததையும் கூட்டிக்கிட்டு வரும். மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு சொல்வோம். முக்காவாசிப் பேருக்கு வயித்துலதான் ஆரம்பிக்கும்," என்று சொல்லித் தாளைப் பார்த்தாள். "உங்களுக்கு இடுப்பு முப்பத்தாறுதான் போட்டிருக்கு. அவ்வளவு மோசமில்ல. சரி, சமையல் எதுல?"

"டின்ல வர்ற வனஸ்பதிங்க. அப்புறம் வெண்ணெய்," என்றாள் இவள்.

"ரெண்டையும் நிறுத்துங்க. கட்டியா உறைஞ்சு நிக்கிற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். அதுக்குப் பதிலா சூரியகாந்தி, கடலை, சோயா, எது கிடைக்குதோ அந்த எண்ணெய். கெட்டது இறங்கும். ஆனா ஒண்ணு. பதிலாத்தான். கூடுதலா இல்ல. எந்த எண்ணெயா இருந்தாலும் கொழுப்புதான். ஒரு ஸ்பூனுக்கு நாப்பது கலோரி. ஆளுக்கு மூணு ஸ்பூனுக்கு மேல போகக் கூடாது."

பிரஷருக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் வனஸ்பதி டின் குப்பைக்குப் போனது. புட்டிமேல் டேப் ஏறியது.

எண்ணெய் தன் வேலையைச் செய்தது. மூன்று மாதத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்று அறுபத்தெட்டிலிருந்து நூற்று முப்பத்தொன்பதுக்கு இறங்கியது. வெளியூரில் வேலை பார்க்கிற மகளுக்கு அவர் அன்றைக்கு மூன்று முறை போன் செய்தார். அதே தாளில் டிரைகிளிசரைடு இருநூற்று அறுபத்தைந்து என்று இருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்வையைக் கொண்டுபோகவில்லை. எடைமேடையில் லாரி டிரைவர்களுக்கு எண்ணெயைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அவர்கள் அவருக்கு 'எண்ணெய்ச் சாமியார்' என்று பெயர் வைத்து, வருகிறபோதெல்லாம் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்டைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அவர் அதை நம்பித் தினமும் இரண்டு தின்றார். ஒன்றைச் சட்டைப்பையில் வைத்து டாக்டரம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எந்தச் செடியோட எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் கிடையாது சார். தண்ணியிலயும்தான் கிடையாது. அதுக்காகத் தண்ணி டேங்கை முழுங்குவீங்களா?" பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "எண்ணெய் மாத்தினதுக்குப் பலன் தெரியுது. ஆனா மத்ததெல்லாம் ஏறிக்கிட்டே போகுது. அதெல்லாம் எடை குறைஞ்சாத்தான் இறங்கும். இடுப்பு எப்படி இருக்கு?"

அவர் எழுந்து நின்றார். பேண்ட்டின் பட்டிக்குள் கட்டை விரலை விட்டு அசைத்துக் காட்டினார். "பத்து வருஷமா ஒரே பேண்ட்டு, டாக்டர். விரல் போகுது பாருங்க."

விரல் போனது. நாலு நாளைக்கு முன்னால்தான் இவள் ஒட்டுத்துணியை எடுத்துவிட்டு, அதைவிட அகலமான ஒன்றை வைத்திருந்தாள். இப்போது இவள் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தாள். கடைசி வரியிலிருந்து மேலே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சிலருக்கு இடுப்பு ஏறாமலே இப்படி வரும்," என்று சொல்லி இன்னொரு மாத்திரை எழுதினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"இங்க பாருங்க..."

"பாத்தியா அந்தம்மா மூஞ்சிய? பேண்ட்டக் காட்டினதும் கப்சிப்!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "என்ன, என்னமோ சொல்ல வந்தே?"

"ஜன்னலச் சாத்துங்க. காத்து அடிக்குது," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் ஆறு ஸ்பூனை நாலாக்கினாள். சோற்றுக் கரண்டியைச் சின்னதாக மாற்றினாள். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, ரேஷனில் வரவில்லை என்றாள். மாலையில் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவரை இரண்டு தெரு கூடுதலாக நடக்க வைத்தாள். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க ஒருத்தி என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாள். அவர் எடைமேடையில் சிப்ஸ் தின்றார். பேண்ட் விரலுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மேடைமேல் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். சீட்டு பாதி அச்சாகியிருந்தது. டிரைவர்தான் தூக்கிக்கொண்டு போனான்.

இவள் போய்ச் சேர்ந்தபோது பேண்ட்டை முன்பக்கமாகக் கத்தரித்துக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிருந்தது. பன்னிரண்டு கட்டில் இருந்த கூடத்தில் ஒரு நர்ஸ் அவர் வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்து, எழுதுகிற இன்னொருத்திக்குக் கேட்கும்படி, "நாப்பத்தி ஒண்ணு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அந்த எண்ணுக்கு இத்தனை வருடம் தான் போட்ட திரைக்கு இந்த உலகத்தில் தேவையே இருக்கவில்லையோ என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

வராந்தாவில் டாக்டரம்மாவை மறித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு அளவைச் சரியாச் சொல்லியிருந்தா இது வந்திருக்காதாங்க?"

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. பிரஷர் இருந்துச்சு, சர்க்கரை இருந்துச்சு. எடைதான் தெரிஞ்சுதே, நானும் டேப்பை எடுத்திருக்கணும். ஒருவேளை இன்னும் கண்டிப்பாச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருப்பாரோ என்னவோ."

மீதியெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்த 'ஒருவேளை' மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது.

மகள் லீவு போட்டு வந்தாள். இரண்டாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஊர்ல எவன் அரை இஞ்ச் பெருத்தாலும் உனக்குத் தெரியும். அப்பா பெருத்தது மட்டும் தெரியலையாம்மா?"

"நான் எண்ணெயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். மகள் குழாயை மூடிவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குப் பேச்சு நிதானமாகத் திரும்பியது. காலும் சுவரைப் பிடித்து நடக்கிற அளவுக்கு வந்தது. கைதான் வரவில்லை. விரலுக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். வீட்டில் அதற்கா பஞ்சம்! பழைய துணியையும் தையல் பிரிக்கிற ஊசியையும் கொடுத்து, தினமும் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று தையல். அடுத்த வாரம் பத்து.

"அந்தச் சாம்பல் பேண்ட்டக் குடு. நான் பிரிக்கிறேன், நீ திரும்பத் தை," என்றார் ஒரு நாள்.

"அது கிழிஞ்சு போச்சுங்க. விடுங்க."

"கிழிஞ்சா என்ன? தைக்கறவ நீ இல்லையா?"

அவள் பேச்சை மாற்றினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தப் பை, அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைக்கு அடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ தேடுகிறார் என்று விட்டுவிட்டாள். கோடு வந்தது, கேனை நிமிர்த்தினாள். அப்போதுதான் உறைத்தது. கையில் புனலோடு அப்படியே ஓடினாள்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பேண்ட், உள்பக்கம் வெளியே தெரியும்படி விரிந்திருந்தது. ஒட்டுத்துணியைப் பாதி பிரித்திருந்தார். அதற்குப் பக்கத்தில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த துணியில், பழைய ஊசி ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கால் இஞ்சுக்கு ஒரு வரிசை.

"இது என்ன?"

"பழைய தையலுங்க."

"அது தெரியுது. எத்தனை?"

"ஆறு. அதுக்கப்புறம் துணி பத்தல. ஒட்டு வெச்சேன்."

அவர் இடது கையால் மிஷின்மேலிருந்த டேப்பை எடுத்தார். ஒரு முனையை வலது கைக் கட்டை விரலுக்கு அடியில் வைக்கப் பார்த்தார். அது நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது. அவள் உதவிக்குப் போகவில்லை.

"எவ்வளவு?" என்றார் அவர்.

"அஞ்சு இஞ்ச்."

"இப்ப?"

"நாப்பத்தி ஒண்ணு." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அன்னைக்கு நர்ஸ் கேட்டப்போ?"

"நாப்பது."

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பார்வை அவர்கள் கூடவே தெருமுனைவரை போனது.

"பஸ்ல... என்னமோ சொல்ல வந்தியே."

"காத்து அடிக்குதுன்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்தில் அவர் தலையாட்டலில் அவளுக்கு அர்த்தம் தெரியாதது இதுதான் முதல் தடவை.

"நீங்க காலையில பித்தானப் போட்டுட்டு விசிலடிப்பீங்க," என்றாள். "அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. சொல்லணும்னு எத்தனையோ நாள் வாயைத் திறந்தேன். இந்த வாய்க்கு அது பழக்கமில்ல. தப்புத்தான். திட்டுங்க. அந்த டேப்பத் தூக்கி என் மேல வேணா அடிங்க. ஏதாவது சொல்லுங்க."

அவர் பிரிக்கிற ஊசியை எடுத்து, ஒட்டுத்துணியின் அடுத்த தையலுக்கு அடியில் நுழைத்தார். மூன்றாவது முயற்சியில் நூல் அறுந்தது. அதை இழுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஏற்கெனவே அங்கே சின்னச் சின்னதாக எட்டோ பத்தோ நூல்கள் கிடந்தன.

"கோவமா?"

அடுத்த தையலுக்கு ஊசி போனது.

"டீ போடட்டுமா?"

நூல் அறுந்தது. அவர் அதையும் எடுத்து வரிசையில் வைத்தார். அவள் புனலிலிருந்து தரையில் சொட்டியிருந்த எண்ணெயை முந்தானையால் குனிந்து துடைத்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.